வீட்டின் உண்மை விலை: விற்பனைப் பதிவுகளைக் கொண்டு மதிப்பிடுமாறு

ஒரு பொருளின் விலை யாது என்னும் வினாவுக்குச் சந்தைப் பொருள்களைப் பொறுத்தமட்டில் விடை கூறுதல் எளிது. அரிசியும் சீனியும் நாடோறும் விற்கப்படுகின்றன. ஒரு கொத்து அரிசி அதே இனத்து மற்றொரு கொத்து அரிசியை ஒத்தது. ஆதலின், இன்று காலை ஒருவர் கொடுத்த விலையே மாலையில் மற்றொருவர் கொடுக்கும் விலைக்கு அளவுகோலாகின்றது. வீடோ அத்தன்மைத்தன்று. ஒரே வரிசையில், ஒரே ஆண்டில், ஒரே படத்தின்படி கட்டப்பட்ட வீடுகளாயினும் அவை முற்றும் ஒத்திருப்பதில்லை. ஒன்று மூலையில் நிற்கும். ஒன்றின் கூரை ஒழுகும். மற்றொன்றின் பின்புறத்தே புதிதாக ஓர் அறை எழுந்திருக்கும். அன்றியும், ஒரு வீடு விலைப்படுவது பத்தாண்டுக்கோ இருபதாண்டுக்கோ ஒருமுறையே. ஆகவே, வீட்டின் விலை கண்முன்னே கிடப்பதன்று. சான்றுகளைக் கொண்டு அனுமானித்து அறியப்படுவது.

இவ்வனுமானம் பிழைத்தால் விளையும் தீங்கு சிறிதன்று. இங்கிலாந்திலே ஒரு குடும்பத்தை உதாரணமாகக் கொள்ளலாம். தாயார் இறந்துபடுகின்றார். பிள்ளைகள் மூவர். மூத்தோர் இருவரும் வேறிடங்களில் வாழ்கின்றனர். இளைய மகள் தாயாரைப் பேணி அவ்வீட்டிலேயே இருந்தவள். இனியும் அங்கேயே இருக்க விரும்புகின்றாள். அவள் மற்றை இருவருக்கும் உரிய பங்கைப் பணமாகக் கொடுத்தல் வேண்டும். மூத்தவர், “அடுத்த வீடு 450,000 பவுணுக்கு விளம்பரஞ் செய்யப்பட்டுள்ளது, எனவே பங்கு ஒன்றுக்கு 150,000 பவுண்” என்கின்றார். இளையவளோ, “எதிர்ப்புற வீடு 310,000 பவுணுக்கே விற்கப்பட்டது, எனவே பங்கு 103,333 பவுண்” என்கின்றாள். முதலாங் கணக்கின்படி அவள் கொடுக்க வேண்டியது 300,000 பவுண். இரண்டாங் கணக்கின்படி 206,667 பவுண். இடையே நிற்பது 93,000 பவுணுக்கு மேற்பட்ட தொகை மாத்திரமன்று, உடன்பிறந்தாரின் உறவுமாகும். இருவரும் பொய் கூறினாரல்லர். இருவர் கையிலும் ஒவ்வொரு சான்று உண்டு. எச்சான்று எவ்வளவுக்குச் செல்லும் என்பதே ஈண்டு ஆராயப்படுவது. ஈழத்தமிழர் பலர் வீடு வாங்கிக் குடியேறிய நாடு அஃது ஆதலின், இவ்வாராய்ச்சி இந்நாட்டு வாசகர்க்கும் அயலானதன்று.

சந்தை விலை என்பது யாது?

ஆதம் சிமித்து 1776 ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் பெருநூலில், பொருளின் இயற்கை விலை வேறு, சந்தை விலை வேறு எனப் பிரித்துக் காட்டினார். வீட்டைப் பற்றிய வழக்கிலும் இத்தகைய பாகுபாடு வேண்டற்பாலது. கட்டுதற்குச் செலவான தொகை வேறு. விற்பவர் கேட்கும் விலை வேறு. வங்கி ஈடாகக் கொண்டு கடன் கொடுக்கும் தொகை வேறு. சந்தை விலை வேறு. 1868 ஆம் ஆண்டில் இலண்டனில் தோன்றிய அரச பட்டய மதிப்பாளர் நிறுவகம், செந்நூல் என வழங்கும் தன் விதித்தொகுப்பில் சந்தை விலைக்கு இலக்கணம் வகுத்துள்ளது. அதன் கருத்து வருமாறு: விற்க விருப்புடைய ஒருவரும் வாங்க விருப்புடைய ஒருவரும், தம்முள் உறவோ கடப்பாடோ இன்றி, பொருள் போதிய காலம் சந்தையில் வைக்கப்பட்ட பின்னர், விடயம் அறிந்தும் நிதானித்தும் வற்புறுத்தலின்றியும் உடன்படக்கூடிய தொகையே, குறித்த நாளிற் சந்தை விலையாகும். 1984 ஆம் ஆண்டின் மரபுரிமை வரிச் சட்டத்தின் 160 ஆம் பிரிவும், திறந்த சந்தையில் அந்நாளில் நியாயமாக எதிர்பார்க்கக்கூடிய விலையையே இறந்தார் சொத்தின் பெறுமதியாகக் கொள்கின்றது.

இவ்விலக்கணத்தை உரைகல்லாகக் கொண்டால், மேற்காட்டிய இரு சான்றுகளின் குறையும் புலப்படும். விளம்பர விலை ஒருவருடைய விருப்பம். அதற்கு உடன்பட்ட மற்றொருவர் அங்கே இல்லை. 310,000 பவுணுக்கு விற்கப்பட்ட வீடோ, கடன் இறுக்காமையால் ஈடு பெற்ற வங்கி கைக்கொண்டு விற்றது எனக் கொள்க. அங்கே விற்றவர் விருப்பத்தால் விற்றவரல்லர். ஆகவே, ஒன்று விலையே அன்று. மற்றொன்று விலையேயாயினும் சந்தை விலை அன்று.

பதிவுகள் பொதுமக்கள் கைக்கு வந்த வரலாறு

இங்கிலாந்து, வேல்ஸ் ஆகிய பகுதிகளுக்குரிய காணிப் பதிவகம் 1862 ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. ஆயினும் நெடுங்காலம் அப்பதிவேடுகளை உரிமையாளரின் இசைவின்றிப் பிறர் பார்வையிடல் இயலாதிருந்தது. 1988 ஆம் ஆண்டுச் சட்டத்தின் பயனாக 1990 டிசம்பரிலேயே அவை பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டன. 2000 ஆம் ஆண்டு ஏப்பிரல் தொடக்கம், கொடுக்கப்பட்ட விலையும் உரிமைப் பதிவிற் குறிக்கப்படலாயிற்று. இன்று, 1995 ஆம் ஆண்டு சனவரி முதலான வீட்டு விற்பனை விலைகள் ஒருசேரத் தொகுக்கப்பட்டு, மாதந்தோறும் புதுக்கப்பட்டு, எவரும் கட்டணமின்றிப் பெறுமாறு வெளியிடப்படுகின்றன. அத்தொகுதியில் 2 கோடியே 40 இலட்சத்துக்கு மேற்பட்ட பதிவுகள் உள. முன்னர்த் தரகரும் மதிப்பாளரும் மாத்திரம் அறிந்திருந்ததை இன்று பள்ளி மாணவனும் தன் கணனியிற் காணலாம்.

ஒவ்வொரு பதிவும் தருவன இவை: விலை, உரிமை மாறிய நாள், அஞ்சற் குறியீடு, முகவரி, வீட்டின் வகை, புதிதாகக் கட்டியதா அன்றா என்பது, முழு நிலவுரிமையா குத்தகை உரிமையா என்பது. வகை என்பது தனிவீடு, இரட்டை வீடு, வரிசை வீடு, மாடிக் குடியிருப்பு, பிற என ஐந்தாகும். இவற்றொடு முதற்பிரிவு, இரண்டாம் பிரிவு எனக் குறிக்கும் ஓர் எழுத்தும் உண்டு. தனியார் ஒருவர் முழுவிலை கொடுத்து வாங்கியவை முதற்பிரிவின. ஈடு பெற்றவர் கைக்கொண்டு விற்றவை, கம்பனிகள் வாங்கியவை, வாடகைக்கு விடுதற்பொருட்டு ஈட்டுக்கடனில் வாங்கியனவாக அறியப்பட்டவை முதலியன இரண்டாம் பிரிவின. இவ்விரண்டாம் பிரிவு 2013 ஒக்டோபர் தொடக்கமே சேர்க்கப்பட்டது. நன்கொடையாகக் கொடுத்தவை, நீதிமன்றக் கட்டளையால் மாறியவை, ஒரு பங்கு மாத்திரம் விற்றவை, நகரசபை வீட்டில் இருந்தார்க்குக் கழிவு விலையில் விற்றவை ஆகியன தொகுதியில் இடம்பெறா. எனவே, எதிர்ப்புற வீடு இரண்டாம் பிரிவின் எழுத்தைத் தாங்கி நிற்பதை இளையவளும் மூத்தவரும் ஒருங்கே காணலாம். சண்டையின் ஒரு பாதி அவ்வோர் எழுத்தாலேயே தீர்ந்துவிடும்.

பதிவு கூறாதவை

பதிவு உண்மை கூறும். ஆயின் முழுவதையும் கூறாது. வீட்டின் பரப்பளவு அதில் இல்லை. அறைகளின் தொகை இல்லை. கூரை புதியதா பழையதா என்பதில்லை. தோட்டம் தெற்கு நோக்கியதா, பின்னால் இருப்புப்பாதை ஓடுகின்றதா என்பதில்லை.

பரப்பளவை அறிதற்கு மற்றொரு பொதுப்பதிவு துணைசெய்யும். வீட்டை விற்பவர் எரிசக்திச் சான்றிதழ் ஒன்று பெறுதல் அந்நாட்டில் விதி. 2007 ஆம் ஆண்டில் தொடங்கிய இவ்வழக்கத்தின்படி ஒவ்வொரு சான்றிதழும் பத்தாண்டுக்குச் செல்லும். அதில் வீட்டின் உள்ளிடப் பரப்பு சதுர மீற்றரிற் குறிக்கப்படும். அச்சான்றிதழ்களையும் எவரும் முகவரி கொண்டு தேடலாம். அளந்தவர் கை பிழைத்தலும் உண்டாதலின், ஐயுற்றவிடத்து அயல் வீடுகளின் அளவோடு ஒப்பிட்டு நோக்குதல் நன்று.

நகரசபை வரிக்காக வீடுகள் வகுக்கப்பட்டுள்ள படிகளை விலைக்குச் சான்றாகக் கொள்வாரும் உளர். அது பொருந்தாது. இங்கிலாந்தில் அப்படிகள் 1991 ஏப்பிரல் 1 ஆம் நாளின் பெறுமதியையும், வேல்ஸில் 2003 ஏப்பிரல் 1 ஆம் நாளின் பெறுமதியையும் அடிப்படையாகக் கொண்டவை. அன்று நலிந்திருந்த பகுதி இன்று ஓங்கியிருக்கலாம்.

காலத்தால் நேர்வித்தல்

ஈராண்டுக்கு முன்னர்க் கொடுத்த விலையை இன்றைய விலையோடு அவ்வாறே வைத்து ஒப்பிடல் தவறாகும். இடையில் ஊர் முழுவதும் விலை ஏறியோ இறங்கியோ இருக்கும். இவ்வேற்றத் தாழ்வை அளப்பது விலைச் சுட்டெண். அமெரிக்காவில் பெய்லி, மூத்து, நோர்ஸ் என்னும் மூவர் 1963 ஆம் ஆண்டில் ஒரு முறையை வகுத்தனர். ஒரே வீடு இருமுறை விற்கப்பட்டால், அவ்விரு விலைகளின் விகிதம் இடைக்காலத்து மாற்றத்தைக் காட்டும் என்பது அதன் அடிப்படை. மற்றொரு முறை, விலையை வீட்டின் இயல்புகளாகப் பகுத்து, இடத்துக்கு இவ்வளவு, வகைக்கு இவ்வளவு, பரப்புக்கு இவ்வளவு எனக் கணித்து, இயல்புகள் மாறாதிருக்கக் காலத்தால் மாத்திரம் நேர்ந்த மாற்றத்தைப் பிரித்தெடுப்பது. ஐக்கிய இராச்சியத்தில் 2016 ஆம் ஆண்டு தொடக்கம் வெளிவரும் அரசாங்க வீட்டு விலைச் சுட்டெண் இவ்விரண்டாம் முறையைத் தழுவியது. அது நகரசபைப் பகுதி தோறும் வீட்டு வகை தோறும் தனித்தனியே கிடைக்கின்றது. அண்மை மாதங்களின் எண்கள் பின்னர்த் திருத்தப்படும் ஆதலின் அவற்றைச் சற்றுப் பொறுத்தே நம்புதல் வேண்டும்.

ஒரு செய்தி இங்கே மறக்கற்பாலதன்று. பதிவில் உள்ள நாள் உரிமை மாறிய நாள். விலை பேசி முடித்த நாளன்று. இரண்டுக்கும் இடையே சில மாதங்கள் கழியும். அதன்மேற் பதிவு செய்தற்கும் காலம் செல்லும். ஆதலின், பதிவேட்டின் மிகப் புதிய விலையும் சென்ற பருவத்தின் மனநிலையையே காட்டும்.

ஒரு கணக்கு

மேற்கூறிய குடும்பத்தின் வீடு 92 சதுர மீற்றர்ப் பரப்புடைய வரிசை வீடு எனக் கொள்க. கீழ்வரும் எண்கள் முறையை விளக்குதற்குக் கற்பிக்கப்பட்டனவேயாம். இன்றைய சுட்டெண் 120. அத்தெருவிலும் அடுத்த தெருவிலும் அதே வகையைச் சேர்ந்த நான்கு வீடுகள் முதற்பிரிவில் விற்கப்பட்டுள்ளன.

முதல் வீடு 88 சதுர மீற்றர். சுட்டெண் 118 ஆயிருந்தபோது 395,000 பவுண். 395,000 ஐ 120 ஆற் பெருக்கி 118 ஆற் பிரித்தால் இன்றைய விலை 401,695; சதுர மீற்றருக்கு 4,565 பவுண்.

இரண்டாம் வீடு 104 சதுர மீற்றர், சுட்டெண் 120, விலை 430,000. சதுர மீற்றருக்கு 4,135 பவுண்.

மூன்றாம் வீடு 84 சதுர மீற்றர்; சுட்டெண் 115; விலை 372,000. இன்றைய விலை 388,174; சதுர மீற்றருக்கு 4,621 பவுண்.

நான்காம் வீடு 95 சதுர மீற்றர், சுட்டெண் 119, விலை 408,000. இன்றைய விலை 411,429; சதுர மீற்றருக்கு 4,331 பவுண்.

இவற்றை நோக்கினால் ஓர் ஒழுங்கு புலனாகும். வீடு பெரிதாகப் பெரிதாகச் சதுர மீற்றர் ஒன்றின் விலை குறைகின்றது. ஒரு குசினியும் ஒரு குளியலறையும் சிறிய வீட்டுக்கும் வேண்டுவனவாதலின் இஃது இயல்பே. ஆகவே, 92 சதுர மீற்றர் வீட்டை 88 க்கும் 95 க்கும் இடையே வைத்துக் கணித்தல் பொருத்தமாகும். அவ்வாறு கணிக்கச் சதுர மீற்றருக்கு ஏறக்குறைய 4,431 பவுணும், வீட்டுக்கு ஏறக்குறைய 408,000 பவுணும் வரும். நான்கின் சராசரியைக் கொண்டால் 406,000. நடுவெண்ணைக் கொண்டால் 409,000. மூன்று வழியும் ஓரிடத்திலேயே வந்து கூடுகின்றன.

இனி, வங்கி விற்ற வீட்டையும் ஐந்தாவதாகச் சேர்த்துப் பார்க்கலாம். அது 90 சதுர மீற்றர், சுட்டெண் 119. நேர்வித்தபின் சதுர மீற்றருக்கு 3,473 பவுண். அதனைச் சேர்த்தவுடன் சராசரியாற் கிடைக்கும் விலை 17,000 பவுணுக்கு மேல் இறங்கிவிடுகின்றது. நடுவெண்ணாற் கிடைக்கும் விலையோ 11,000 பவுண் அளவே இறங்குகின்றது. தனித்து நிற்கும் ஓரெண் சராசரியைத் தன்பால் இழுக்கும். நடுவெண்ணை அவ்வளவு அசைக்காது. சிறு தொகுதிகளில் நடுவெண்ணைப் போற்றுதற்குக் காரணம் இதுவே.

மற்றொரு சோதனையும் உண்டு. தாயார் அவ்வீட்டைச் சுட்டெண் 75 ஆயிருந்த காலத்தில் 240,000 பவுணுக்கு வாங்கினார் என்க. அதனை 120 ஆற் பெருக்கி 75 ஆற் பிரித்தால் 384,000 பவுண் வரும். இது முதல் விடையினும் 24,000 குறைவு. இவ்வேறுபாடு ஏன் எனக் கேட்பதே மதிப்பீட்டின் உயிர்நாடி. வீட்டைச் சென்று பார்த்தால் விடை கிடைக்கும். ஒப்பிட்ட நான்கும் திருத்தி அழகுசெய்யப்பட்டவை. இவ்வீட்டின் கூரையும் குசினியும் தாயார் வாங்கியபோது இருந்தவாறே இருக்கின்றன. திருத்தச் செலவு 15,000 பவுண் என ஒப்பந்தகாரர் கூறுவாராயின், 408,000 இலிருந்து அதனைக் கழிக்க 393,000 பவுண் வரும். இரு வழிகளும் இப்பொழுது 9,000 பவுண் இடைவெளியில் நிற்கின்றன. 380,000 க்கும் 405,000 க்கும் இடைப்பட்டது விலை, 393,000 நடுவானது எனக் கூறுதல் நேர்மையான விடையாகும்.

அவ்வாறாயிற் பங்கு ஒன்று 131,000 பவுண். இளையவள் கொடுக்கவேண்டியது 262,000 பவுண். மூத்தவர் கேட்டதனினும் 38,000 குறைவு; அவள் கொடுக்க எண்ணியதனினும் 55,000 அளவில் மிகுதி. ஒருவரும் முழு வெற்றி பெற்றிலர். ஆயின் ஒருவரும் வஞ்சிக்கப்பட்டிலர்.

எச்சரிக்கை சில

எண்களைக் கையாள்வோர் அவ்வெண்கள் பிறந்த சூழலையும் அறிதல் வேண்டும். முத்திரைத் தீர்வை இதற்குச் சிறந்த உதாரணம். 2014 டிசம்பர் 4 ஆம் நாளுக்கு முன்னர், 250,000 பவுண் விலையுள்ள வீட்டுக்கு முழுவிலையில் நூற்றுக்கு 1 வீதமும், அதனைச் சற்றுத் தாண்டினால் முழுவிலையிலும் நூற்றுக்கு 3 வீதமும் தீர்வை விதிக்கப்பட்டது. 250,000 பவுண் வீட்டுக்குத் தீர்வை 2,500. 251,000 பவுண் வீட்டுக்கு 7,530. ஆயிரம் பவுண் ஏற்றத்துக்கு ஐயாயிரம் பவுண் தண்டம் கொடுப்பார் யார்? ஆதலின், அக்காலத்து விலைகள் 250,000 பவுணில் வந்து குவிந்து கிடக்கும். 260,000 பெறுமான வீடும் அங்கே 250,000 எனத் தோன்றலாம். அவ்வாறே, 2020 சூலை தொடக்கம் இங்கிலாந்தில் 500,000 பவுண் வரை தீர்வை நீக்கப்பட்டு, அச்சலுகை 2021 சூன் 30 ஆம் நாள் முடிவுற்றபோது, அம்மாதத்தில் விற்பனை பெருகிற்று. அவசரத்திற் கொடுத்த விலையை அமைதிக்கால விலையாகக் கொள்ளலாகாது.

புதிதாகக் கட்டிய வீடு முதன்முறை விலைப்படும்போது புதுமைக்கென ஒரு மிகுதி சேரும். மறுமுறை அம்மிகுதி இராது. குத்தகை உரிமையுள்ள குடியிருப்பிற் குத்தகை ஆண்டு 80 க்குக் குறைந்தால் விலை தாழும். ஆயின் எஞ்சிய ஆண்டுகளை விலைத் தொகுதி கூறாது. உரிமைப் பதிவைச் சிறு கட்டணம் செலுத்திப் பார்த்தே அறிதல் வேண்டும்.

கணனி தானே மதிப்பிடும் முறைகளும் இன்று பெருகியுள. அவை மேற்கூறிய கணக்கையே பல்லாயிரம் பதிவுகள் கொண்டு விரைந்து செய்வன. ஒரேமாதிரியான வீடுகள் நிறைந்த புறநகரில் அவை நன்கு பயன்படும். ஆயின், கூரை ஒழுகுவதை அவை காணா. அமெரிக்காவில் ஸில்லோ என்னும் நிறுவனம் 2006 முதல் இத்தகைய மதிப்பீடுகளை வெளியிட்டுப் பெயர் பெற்றது. பின்னர்த் தானே வீடுகளை வாங்கி விற்கவும் முற்பட்டு, விலையை முன்கணித்தல் எண்ணியதினும் அரிதெனக் கண்டு, பெருநட்டத்தோடு 2021 நவம்பரில் அம்முயற்சியைக் கைவிடுவதாக அறிவித்தது. நடந்ததை அளப்பது ஒன்று. நடக்கப்போவதைக் கூறுவது மற்றொன்று.

ஆகவே, பதிவுகளைக் கொண்டு கணித்தல் பட்டயம் பெற்ற மதிப்பாளரை வேண்டாததாக்கிவிடாது. வரிக்கோ வழக்குக்கோ பெறுமதி வேண்டுமாயின் அவரை நாடுதல் நன்று. எனினும், அவரை நாடுமுன் தாமே கணித்துப் பார்த்தவர் அவர் கூறுவதை விளங்கிக்கொள்வார், வினாவவேண்டியதை வினாவுவார்.

காவிரிப்பூம்பட்டினத்து வணிகர் தம் பொருளையும் பிறர் பொருளையும் ஒரே கண்ணாற் கண்டனர் எனப் பட்டினப்பாலை அவர் நடுநிலையைப் போற்றுகின்றது. அந்நடுநிலை நெஞ்சத்தின்கண் உள்ளது. ஆயினும் நெஞ்சம் நேரிதாயிருந்தும் அளவுகோல் இல்லாவிடத்து நல்லோரும் மாறுபட்டு நிற்பர். பிள்ளைகள் மூவரும் ஒரு மேசையைச் சூழ்ந்திருந்து, ஒரே பதிவேட்டை நோக்கி, ஒரே கணக்கைச் செய்வாராயின், அவர்தம் வேற்றுமை 93,000 பவுணிலிருந்து சில ஆயிரமாகச் சுருங்கும். எஞ்சியதை, தாயாரைப் பேணியவளின் உழைப்பையும் மூத்தோரின் உரிமையையும் எண்ணி, அன்பினால் நிரப்புதல் அவர்க்கு அரிதாகாது.